போதும் என்று சொன்ன திரை

பட்டுக்குட்டி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இங்கே நான் இருக்கிறேன், சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அப்பா போன பிறகு சித்தப்பா தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். உன்னிடம் ஒன்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றதும் நீ செய்து அனுப்பினாயே அந்தக் கம்ப்யூட்டர் திரை, தண்ணீர், தலையணை, விளக்கு, வலி, போதும் என்று படம் போட்டு, அவர் கண் எதில் நின்றாலும் உன் குரலிலேயே அதைச் சொல்லும். தாளில் வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து, அப்பா பார்ப்பாரு, அது கொஞ்சம் பொறுக்கும், அப்புறம் பேசும், கண்ணு எங்க நிக்குதோ அதுதாம்மா அவருக்கு வேணும் என்று விளக்கினாய். நானும் அப்படியே நம்பினேன். சித்தப்பாகூட, "அண்ணன் பேசுன காலத்துல நீங்க அவரு பேச்ச ஒரு நாளும் கேட்டதில்ல, இப்ப பெட்டிக்கு மட்டும் இந்தப் பணிவா அண்ணி" என்று கேலி செய்தார். அப்பா கண்ணாலேயே சிரித்தார்.

கடைசி வாரம் சாயங்காலம் பால் ஊட்ட உட்கார்ந்தால் இரண்டு கரண்டியிலேயே போதும் என்றது. உன் குரலாச்சே, மீறி ஊட்ட மனசு வரவில்லை. மறுநாளும் போதும், அடுத்த நாளும் போதும். கரண்டியை வைத்துவிட்டேன். பால் குறைஞ்சதால ஒண்ணும் ஆகியிருக்காதும்மா, நேரம் வந்துடுச்சு என்றுதான் அவர் போன பிறகு டாக்டர் சொன்னார்.

நேற்று படுக்கையை உதறிப் போட்டுவிட்டு அசதியில் அவர் தலையணையில் சாய்ந்தேன். அதே சாயங்கால நேரம். ஜன்னல் வெயில் அடித்துத் திரை முழுக்க ஒரே பளபளப்பு, ஓரத்தில் நிழலில் இருந்த போதும் படம் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு எல்லாப் படமும் தெரிந்ததே, அவருக்கும் தெரியும் என்றுதானே இருந்தேன். ஆனால் வெயில் வராத ஒரு காலையிலும் போதும் என்றது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இப்போது ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து, வாய் பேச முடியாத ஒரு லாரி டிரைவருக்கு அதைக் குடுங்கம்மா என்கிறாள். பொண்ணைக் கேட்டுச் சொல்றேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் வட்டங்களோடு, மனுஷன் சும்மா பார்ப்பதற்கு ஒரு வட்டமும், படுத்திருப்பவன் கண்ணுக்கு எது தெரியவில்லை என்பதற்கு ஒரு வட்டமும் சேர்க்க முடியுமா பார். நெசமாத்தான் சொல்றீங்களா என்று அது ஒரு தடவை திருப்பிக் கேட்கட்டும். அதுவரை தரமாட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, அது இருந்ததால்தான் இத்தனை மாதம் அவர் என்னோடு பேசினார்.

கண்ணும் கையும் நோகாமல் நீ நன்றாக இருக்கணும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

உன் அம்மா

கவரில் போட்ட பிறகும் மனசு ஆறவில்லை, திரும்ப எடுத்து எழுதுகிறேன். அவர் பார்த்தது எல்லாம் அந்தத் திரையில் பதிந்திருக்கும் என்றாயே, எடுத்துப் பார்த்துச் சொல்லு: அப்பாவுக்குப் போதும் என்று இருந்ததா, இல்லை பசித்ததா?