நீங்கள் வாங்கிக்கொண்ட வேண்டுதல்

ஏனுங்க, வாசலில் கிடாக்கறி கொதிக்கிறது. மிளகும் மல்லியும் வறுத்து அரைத்த அந்த வாசம் நான் இருக்கும் அறைவரை வந்துவிட்டது. இன்று நம் மகளுக்குக் காது குத்து. என் அண்ணன் மடியில் அவளை உட்காரவைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சேலைக்காரி முன்னால் நிற்கக் கூடாதாம். அதனால் உள்ளே உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரோடு பேச? கறி வாசம் வந்தால் வண்டி மாட்டையே அந்தப் பக்கம் திருப்புகிற ஆள் நீங்கள்.

இரண்டு கரு தங்காமல் போன பிறகு, பிள்ளை பிறந்து காது குத்தும்வரை கறி தொடுவதில்லை என்று மாரியாத்தாளுக்கு நான் நேர்ந்துகொண்டேன். அப்போதே முகம் வீங்கி, முடி கொட்டி, குரல் கரகரத்துப் போயிருந்தது. சித்திரை வெயிலிலும் கம்பளி தேடினேன். "வெயில்ல குளுருதுன்னு படுத்துக்கறவளுக்கு வவுத்துல புள்ள எப்படி நிக்கும்?" என்று உங்களைப் பெற்ற அத்தை சொன்னது வீதிக்கே கேட்டது. உங்களுக்கு வேறு பெண் பார்க்கவும் பேச்செடுத்தார்கள். நீங்களோ மறுநாளே புதுச்சத்திரத்தில் அடுப்புக்கரியில் ஓடும் பஸ்ஸில் ஏற்றி என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனீர்கள்.

டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "சோம்பேறித்தனம் இல்லம்மா. தொண்டையில இருக்கிற சுரப்பி சரியா சுரக்கல. குளிரும் வீக்கமும் அதனாலதான். கரு தங்காததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். ஆட்டோட சுரப்பியில செஞ்ச மாத்திரை தர்றேன். பிள்ளை உண்டானாலும் நிறுத்தக் கூடாது." நான் ஆடு என்றதிலேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் புட்டியை அடுக்குப்பானைக்குள் ஒளித்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். "ஆத்தாளுக்குக் குடுத்த வாக்குங்க. ஆட்டை எப்படி முழுங்குவேன்?" என்று அழுதேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போனீர்கள். "தாயே, இவ நேந்தத நான் வாங்கிக்கறேன். இனிமே கறி தின்னாதது நானு. இவள உட்டுரு." பூசாரி ஒன்றும் புரியாமல் திருநீறு கொடுத்தார்.

மாதங்கள் போகப் போக வீக்கம் வடிந்தது. ஒருநாள் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டேன், ஓடி வந்தீர்கள். "இந்தக் கொரலக் கலியாணத்தன்னைக்குக் கேட்டதுதான் புள்ள" என்றீர்கள். அந்த வருஷமே கரு தங்கியது. புள்ளத்தாச்சிக்கு மருந்து ஆகாது என்று அத்தை தடுத்தபோது, தினமும் காலையில் மாத்திரையும் தண்ணீர்ச் செம்புமாக நீங்களே எதிரில் வந்து நின்றீர்கள். மகள் பிறந்தாள். அவள் தவழும் முன்னே ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. கடைசிவரை நீங்கள் கறியைத் தொடவில்லை.

இதோ, குத்திவிட்டார்கள். வீறிட்டு அழுகிறாள். என்ன கணீரென்ற குரல்! அத்தை இலையில் கறி வைத்துக் கொண்டுவந்தார். "தின்னு சாமி, வேண்டுதல் முடிஞ்சுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் வாய் உங்களுடையது அல்லவா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

காலையில் நானே செம்பை எடுத்து மாத்திரையை விழுங்கிவிட்டேன். அதை விடமாட்டேன், பயப்படாதீர்கள். இலையை மட்டும் மூடிவைத்துவிட்டேன். என்னிடமிருந்து வாங்கிக்கொண்டதை முடிக்காமல் போய்விட்டீர்கள். நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். இனிமேல் கறி தின்னாதது நானுங்க.