அப்பா தனக்கே போடாத ஓட்டு

நார்த் பெல்டன், வெர்மான்ட்
அக்டோபர் 24, 1852

அன்பு மகன் அசாஹெலுக்கு,

இங்கே நாங்களும் ஆடுகளும் சுகம். கலிபோர்னியாவில் ஆற்று மணலை அலசுகிற நீயும் உன் முதுகும் சுகமா என்று அறிய ஆசை. இரண்டு வருடம் கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிய கை கோடரி பிடித்ததும் கொப்பளித்துவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை லொவீனா எழுதுகிறாள். (அண்ணா, கையெழுத்து என்னுடையது, தலையெழுத்து அப்பாவுடையது. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான்.) கவர்னருக்குக் கோடரி எதற்கு என்று கேட்பாய். நான் இப்போது கவர்னர் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தோல் பதனிட்டுக்கொண்டிருந்த என்னை ஊர் நடுவராக்கி, சட்டசபைக்கு அனுப்பி, இரண்டு முறை கவர்னரும் ஆக்கிய ஊர் இது, மூன்றாம் முறையும் நில்லுங்கள் என்றார்கள், நின்றேன். என் அப்பா சொல்லித் தந்த பழைய வழக்கம் உனக்குத் தெரியும், ஊரில் இப்போது யாருக்கும் அது நினைவில்லை, தேர்தலில் நிற்கிறவன் ஓட்டுச் சீட்டில் தன் பெயரைத் தானே எழுதினால் வெட்கங்கெட்டவன், எதிராளி பெயரை எழுதினால்தான் மரியாதை. செப்டம்பரில் நான் என் சீட்டில் ஆர்சன் வீடன் என்று அழகாக எழுதிப் போட்டேன். எண்ணிப் பார்த்தால் நம் ஊரில் எனக்கு நூற்று நாற்பத்திரண்டு, வீடனுக்கு ஒன்று. யார் அந்தத் துரோகி என்று ஊரே கொதித்தது, சந்தேகம் நேராகப் பக்கத்துப் பண்ணை ஜேடக் பிரிச்சர்டு மேல் போனது. அவருடைய கடா நம் வேலியை உடைத்ததில் எனக்கும் அவருக்கும் வசந்தகாலம் முதல் பேச்சில்லையே, அதனால்தான். மாநிலக் கணக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசம், மூன்றாவதாக நின்றவர் பிரித்த ஓட்டுகள் போக, பாதியைத் தாண்ட எனக்கு ஒரே ஒரு ஓட்டு குறைந்தது. யாரும் பாதியைத் தாண்டாததால் சட்டப்படி இனி சட்டசபைதான் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே நம் ஊர் உறுப்பினர் யார், அதே பிரிச்சர்டு!

அவர் குதிரைக்குக் கொல்லன் ஈனஸ் லாடம் அடிக்க மாட்டேன் என்றான். தேவாலயத்தில் அவர் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. (நான் அவர் வாசலில் ‘1’ என்று செதுக்கிய பூசணிக்காய் வைத்தேன். நல்ல வேலைப்பாடு.) அந்த மனிதரோ வீம்புக்காரர், தான் அந்த ஓட்டைப் போடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாராவது கேட்டால், “யாருக்குப் போட்டேன்னு கத்திச் சொல்ல நான் என்ன ஆடா?” என்பார். நானும் நாளைக்கு அடங்கிவிடும், நாளைக்கு அடங்கிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் அவர் மனைவி ஹல்டா பாலாடைக்கட்டி விற்கக் கொண்டுவந்தாள், ஏழு வீட்டில் வாங்கவில்லையாம், உன் அம்மாவும் வேண்டாம் என்று கதவைச் சாத்தினாள். அவள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். சட்டசபை கூட நாலு நாள்தான் இருந்தது, இப்போது உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும், ஊரே பார்த்துச் சிரிக்கிறவனுக்கு உறுப்பினர்கள் ஏன் ஓட்டுப் போடுவார்கள்? இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் எழுந்து, அந்த ஒரு ஓட்டு என்னுடையது என்றேன். ஈனஸ்தான் முதலில், “ஏன் கவர்னரே, உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களும் வீட்ல படுத்துத் தூங்கியிருப்போமே!” என்றான். பாதிரியார்கூட பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிரிச்சர்டு மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, “எந்திரிச்சதுதான் எந்திரிச்சீங்க, கடா விஷயத்தையும் சொல்லிட்டு உட்காருங்க” என்றார். எங்கள் வேலி உளுத்த வேலி என்று அதையும் சொன்னேன். (அம்மா குனிந்து தரையில் எதையோ தேடினாள். எதுவும் விழவில்லை.)

சட்டசபையில் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் வீடன் கவர்னர் ஆனார். பிரிச்சர்டு ஊர் திரும்பியதும் சேற்றுக் காலோடு நேரே நம் சமையலறைக்கு வந்தார். “சபையில நானும் வீடனுக்குத்தான் போட்டேன். எங்க கவர்னரே அந்த ஆளுதான் தேவலைன்னு கைப்பட எழுதிட்டாரு, அவர் பேச்சை நான் எப்படி மீறறது?” என்றார். நான் சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த ஆப்பிள் சாறு கொட்டியது. உன் அம்மா முறைத்தபடியே அவருக்கு ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டு வைத்தாள், ஹல்டாவுக்கென்று ஒரு முழுப் பலகாரத்தைத் துணியில் கட்டியும் கொடுத்தாள்.

பதவி போனதில் வருத்தமே இல்லை என்றால் பொய், இரண்டு நாள் இருந்தது. வீடனுக்குப் போட்டதற்கு வருத்தமில்லை, மறுபடி நின்றாலும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் ஒரு நல்ல மனிதர் ஐந்து வாரம் தனி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்னும் முகம் சுடுகிறது. மகனே, நீ செய்த காரியத்துக்கு இன்னொருவன் பழி சுமந்தால் முதல் நாளே எழுந்து நில், ஐந்து வாரம் கழித்து எழுந்தால் கடாவுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கர்த்தர் உன் உடம்பையும் உன் பெயரையும் காக்கட்டும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், கப்பல் தபாலில் நாலு வரியாவது எழுது, உன் அம்மா தினமும் வழியைப் பார்க்கிறாள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அப்பா,
ஜாப் மெரிஃபீல்டு
(இடது கையால் போட்டார். மை கொட்டியதும் அவர்தான், நான் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.)