பதிமூன்றாவது ஊசி

மார்ச் 3, ஞாயிறு

மகளை விமானக் கிளப்பில் விட்டுவிட்டு உடனே திரும்புவதாகத்தான் இருந்தேன். சீட் கவர் இரண்டு பாக்கி கிடக்கிறது. சாயங்காலம் வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

காரணம் அந்த இறக்கை. ஹேங்கரின் நடுவில் இரண்டு மர முக்காலிகள் மேல் துணி இல்லாமல் கிடந்தது. விமானம் என்றால் இரும்பு என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். இது மரம். விரல் தடிமன்கூட இல்லாத சட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக முப்பத்திரண்டு. எஞ்சினே இல்லாத கிளைடராம். வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேர் நான்கு மாதமாகச் சுரண்டி, ஒட்டி, தேய்த்து வைத்திருக்கிறார்கள். இனி இதன்மேல் துணி போர்த்தித் தைக்க வேண்டுமாம். தைக்க! நம்பவே முடியவில்லை. ஆகாயத்துக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு முழத் துணியும் நூலும்தானா?

மெக்கானிக்குக்கு முப்பது வயதுதான் இருக்கும். எதைச் செய்தாலும் "இன்னொரு தடவை பாரு" என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே இன்னொருதடவை. என்னிடம் வந்து, "நீங்க சீட் கவர் தைக்கிறவங்களாமே. எங்களுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்றீங்களா?" என்றார். யோசிக்கவே இல்லை, தலையாட்டிவிட்டேன்.

இன்னொன்று. சுவரில் ஒரு மணி தொங்குகிறது. மதியம் ஒரு சின்னப் பெண் போய் அதை அடித்தாள். எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். "ஒரு திருகை முறுக்காம மூடிட்டேன்" என்றாள். திட்டப் போகிறார்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால், எல்லோரும் ஒரே குரலில் "நன்றி" என்றார்கள். யார் தப்பு செய்தாலும் இங்கே இதுதான் வழக்கமாம். என் கடையில் வேலைக்கு வரும் பெண் பட்டனை மாற்றித் தைத்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியும்.

மார்ச் 9, சனி

எனக்கும் கிளப் தொப்பி கொடுத்துவிட்டார்கள். நீல நிறம். கண்ணாடியில் நான்கு தடவை பார்த்துக்கொண்டேன்.

தையல் ஆரம்பம். இறக்கைக்கு மேலே நான், கீழே படுத்துக்கொண்டு மகள். நீள ஊசியை நான் மேல்துணியில் குத்தி இறக்க, அது இறக்கையின் வயிற்றைத் தாண்டிக் கீழ்த்துணி வழியாக அவள் கைக்குப் போகிறது. "வந்துடுச்சு." சட்டத்தைச் சுற்றி அவள் திருப்பிக் குத்துகிறாள். "அனுப்பறேன்." மூன்று விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. "வந்துடுச்சு." "அனுப்பறேன்." பதினாறு வயது ஆனதிலிருந்து என்னோடு இவ்வளவு பேசியதே இல்லை அவள்.

வேலை முடிந்ததும் எண்ணிக்கை. கரும்பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் மஞ்சளில் வரைந்திருக்கிறது. சுத்தியல் வடிவத்தில் சுத்தியல், கத்தரி வடிவத்தில் கத்தரி, வரிசையாகப் பன்னிரண்டு ஊசி. எதன் இடமாவது காலியாக இருந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. "உள்ள ஒரு சின்னத் திருகு கிடந்தாலும் போதும்க்கா. இறக்கைக்குள்ள ஓடுற கம்பியில சிக்கினா, மேல போனவங்களால திரும்ப முடியாது." மெக்கானிக் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இறக்கை நுனியில் நேர் ஊசி வளையவில்லை. என்னுடைய மெத்தை தைக்கும் வளைந்த ஊசியை அடுத்த முறை எடுத்துப்போக வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

விரல் நுனி எல்லாம் ஓட்டை. சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

நுனியையும் முடித்துவிட்டோம், என் ஊசியால். கிளப் ஊசி பன்னிரண்டும் பலகையில் சரியாக இருந்தன. பிறகு துணிமேல் ஒரு வார்னிஷ் பூசினார்கள். தலை சுற்றும் நெடி. ஆனால் அது காயக் காய, தொளதொளவென்று கிடந்த துணி தானாகவே இறுகியது! தட்டினால் டம் டம் என்கிறது. இருபது வருடமாகத் துணியோடு புழங்குகிறேன், துணிக்கு இப்படி ஒரு குணம் உண்டென்று எனக்குத் தெரியாது. இன்னும் இரண்டு பூச்சு பூசுவார்களாம்.

முதல் பறப்பு ஏப்ரல் 7. ஒவ்வொரு பிள்ளையையும், கிளப்பில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் கேப்டன் மேடம் உட்காரவைத்து மேலே கூட்டிப்போவார். சீட்டு குலுக்கியதில் முதல் ஆள் என் மகள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஒருவர் சோபா மெத்தை கொண்டுவந்தார். வளைந்த ஊசியைத் தேடினேன். குண்டூசிப் பஞ்சில் இல்லை. டப்பாவில் இல்லை. மெஷின் இழுப்பறையில் இல்லை.

கடைசியாக அது என் கையில் இருந்தது இறக்கை நுனியில். அதற்கப்புறம்? டீ வந்தது என்று யாரோ கூப்பிட்டார்கள். அதற்கப்புறம்?

ஞாபகமே இல்லை.

ஏப்ரல் 3, புதன்

வீட்டைத் தலைகீழாகப் புரட்டியாகிவிட்டது. இல்லை.

அந்த ஊசியைக் கொண்டுபோனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஊசி கொண்டுபோக யாராவது அனுமதி கேட்பார்களா? பலகையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. என்னுடையதுக்கு அங்கே இடமும் இல்லை, எண்ணும் இல்லை. அது தொலைந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே இருந்தால்? இல்லாமலும் இருக்கலாமே. துணியைப் பிரித்தால் பிள்ளைகளின் நாலு மாச உழைப்பு போச்சு. பிரிக்காவிட்டால் — ஐயோ, முதல்ல போறது என் பொண்ணுதானே. வேற யார் பிள்ளையா இருந்தா மட்டும் பரவாயில்லையா? என்ன மனுஷி நான்.

ஏப்ரல் 4, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் ஓட்டுகிறவர், காலையில் பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் வண்டியை நகர்த்தமாட்டார். "போய்ச் சொல்லிடு. இல்லன்னா நீயும் தூங்கமாட்ட, என்னையும் தூங்கவிடமாட்ட" என்றார். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 6, சனி

மணியின் கயிறு இவ்வளவு கரடுமுரடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அடித்தேன். பதினாலு முகமும் திரும்பின. கேப்டன் மேடம் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார். நேற்றுதான் பரிசோதகர் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். இறக்கை பளபளவென்று மின்னுகிறது.

"என்னோட ஊசி ஒண்ணைக் காணோம். வளைஞ்ச ஊசி. நானா கொண்டுவந்தது, எண்ணிக்கையில இல்லாதது. உள்ள இருக்கலாம். செவ்வாய்க்கிழமையே தெரியும். இன்னைக்குத்தான் சொல்றேன்."

எல்லோரும் "நன்றி" என்றார்கள். எத்தனையோ பேர் என்னிடம் நன்றி சொல்லியிருக்கிறார்கள், ஒன்றுகூட இப்படிக் கண்ணில் தண்ணீர் வரவைத்ததில்லை. என் மகளின் வாய் மட்டும் அசையவில்லை.

மெக்கானிக் இன்னொருதடவை, பறக்கக் கூடாது என்கிற சிவப்பு அட்டையை எடுத்து கிளைடர் மூக்கில் மாட்டினார். "நுனியில எந்தப் பக்கம்க்கா?" என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் மகள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். "எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமேடி."

"நாலு மாசம்மா."

இறங்கியதும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பறக்க வேண்டிய நாள். வானம் வேறு துடைத்துவிட்டது போல் இருந்தது, வேண்டுமென்றே.

முதலில் இறக்கையைச் சாய்த்துக் காதை வைத்துக் கேட்டார்கள். கயிற்றில் காந்தம் கட்டி, சோதனைக்காக விட்டிருந்த ஓட்டைகள் வழியாக விட்டார்கள். ஒன்றும் இல்லை. இனி வெட்டித்தான் பார்க்க வேண்டும். இன்னொருதடவை கத்தியை என் மகளிடம் நீட்டினார். "கீழ இருந்து தைச்சது நீதானே. எங்க கை வைக்கணும்னு உனக்குத்தான் தெரியும்." அவள் வாங்கினாள். இறுகிய துணி கிழிகிற சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேர்கோடாக வெட்டினாள், எனக்கே அவ்வளவு நேராக வராது.

பெற்றோர் ஒருவர், "ஒரு ஊசிக்காகவா இத்தனையும்?" என்று குரலை உயர்த்தினார். கேப்டன் மேடம், "ஆமாங்க, ஒரு ஊசிக்காகத்தான்" என்றார். அவ்வளவுதான்.

ஆறு சட்டம் வரை பிரித்தோம். பதினாலு பேரும் முறை போட்டுக் கைவிட்டுத் துழாவினார்கள். ஒரு பிள்ளையும் முணுமுணுக்கவில்லை. இவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது, எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஊசி இல்லை.

ஏப்ரல் 10, புதன்

துணி துவைக்க எடுத்தேன். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நீலத் தொப்பியையும் வாளியில் போட்டு அமுக்கினேன். சுருக்கென்று குத்தியது.

உள்பட்டியில், தையலோடு தையலாக, வளைந்த ஊசி.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. கடையில் கைக்கு எந்தத் துணி கிட்டே இருக்கிறதோ அதில் ஊசியைச் செருகுவது என் பழக்கம். டீக்குக் கூப்பிட்டதும் தொப்பியைக் கழற்றிச் செருகிவிட்டு, தலையில் மாட்டாமல் கையிலேயே பிடித்தபடி வீட்டுக்கு வந்து கதவில் மாட்டியிருக்கிறேன், அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு இறக்கையையே கிழிச்சுட்டேனே, பாவி.

பேசாமல் குப்பையில் போட்டுவிட்டால் என்ன? இப்போது யாருக்கும் ஆபத்தில்லை. இந்த முறை சொல்லி என்ன ஆகப்போகிறது? என் மானம் போவதைத் தவிர?

ஏப்ரல் 13, சனி

இரண்டாவது தடவை அதே கயிறு. இது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

"ஊசி கிடைச்சுடுச்சு. தொப்பியில இருந்துச்சு."

வகுப்பிலேயே சின்னவள் கேட்டாள், "எந்தத் தொப்பி?"

"இதோ, இதே தொப்பி."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு ஹேங்கர் முழுக்கச் சிரிப்பு, கேப்டன் மேடம் உட்பட. சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே "நன்றி" என்றார்கள். இன்னொருதடவை மட்டும் சிரிக்கவில்லை. முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலக்கா. நுனியில இல்ல. அப்போ வேற எங்கயோ உருண்டு போயிருக்கணும். இன்னைக்கு முழு இறக்கையையும் உரிக்கிறதா இருந்தேன். அது எங்க இருக்குன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன்."

மேஜையில் நீளக் கத்தி, கத்தரி எல்லாம் எடுத்துவைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மீதி இருபத்தாறு சட்டமும் போயிருக்கும்.

அவர் எழுந்துபோய் மஞ்சள் பெயின்ட்டும் தூரிகையும் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஊசிகளுக்குப் பக்கத்தில் என் ஊசியை வைத்து, அதன் வளைவைப் பலகையில் வரைந்தார். கீழே 13 என்று எழுதினார்.

மதியம் மறுபடி தைக்க ஆரம்பித்தோம். மேலே நான். கீழே யார் வருவார்கள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து, வேண்டாவெறுப்பாக, "அனுப்பறேன்."

மே 5, ஞாயிறு

எதிலிருந்து எழுதுவது?

கிளைடரைப் புல்வெளியின் ஒரு முனையில் வைத்தார்கள். மறுமுனையில் ஒரு லாரி மேல் பெரிய ராட்டினம். அது நீளக் கயிற்றைச் சுற்றி இழுக்க, கிளைடர் பட்டம் மாதிரி மேலே ஏறி, உயரத்தில் கயிற்றை உதறிவிடுகிறது. காலையில் கேப்டன் மேடம் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். சத்தமே இல்லை. தலைக்கு மேல் போகும்போது துணியில் காற்று உரசுகிற ஒலி மட்டும் கேட்டது. நான் தைத்த துணி! கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். கும்பிடத் தோன்றியது, யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அடுத்து என் மகள். புறப்படும் முன் சரிபார்ப்புப் பட்டியலை அவள்தான் படித்து டிக் போட வேண்டும். போட்டாள், கொடுத்தாள். கிளைடர்வரை நடந்தவள் சட்டென்று திரும்பினாள். என்னைக் கடந்து, ஹேங்கருக்குள் போனாள்.

மணி அடித்தது.

"பின் சீட் பெல்ட்டை நான் இழுத்துப் பாக்கல. பாத்ததா டிக் போட்டுட்டேன்."

புல்வெளியில் நின்றவர்கள் எல்லோரும் "நன்றி" என்றார்கள். எல்லோரையும்விட என் குரல்தான் சத்தமாக வந்ததாம், கூட வந்திருந்த வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்குக் குரல் வந்ததே தெரியாது.

பட்டியலில் பொய் டிக் போட்டால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். போனாள். பன்னிரண்டாவது பிள்ளை இறங்கும்போது காற்று பலத்துவிட்டது, பறப்பை நிறுத்திவிட்டார்கள். அவள் பறக்கவில்லை.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம். எழுப்ப மனசு வரவில்லை.

மே 12, ஞாயிறு

பறந்தாள். ஒன்பது நிமிடம்.

மே 19, ஞாயிறு

கேப்டன் மேடம், "தைச்சவங்க ஏறாம எப்படி?" என்று விடாப்பிடியாகச் சொல்லிவிட்டார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மகள்தான் என் பெல்ட்டை இறுக்கினாள்.

"பின் பெல்ட்டு?" என்றேன்.

"ரெண்டு தடவை பாத்துட்டேன். தொப்பியைக் குடு." வாங்கி, உள்பட்டி முழுக்க விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் தலையில் வைத்தாள்.

பிறகு இறக்கை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓட ஆரம்பிக்கும்வரை கிளைடர் ஒரு பக்கம் சாயாமல் ஒருவர் பிடிக்க வேண்டும். கயிறு இறுகியது. அவளும் கூடவே ஓடிவந்தாள், அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் கை வைத்தபடி. நான் முன்னால் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அனுப்பறேன்" என்று கத்தினாள். கையை விட்டாள்.