வேண்டுமென்றே வாங்கிய குறைந்த மார்க்

செப்டம்பர் 24, செவ்வாய். ரவுண்ட் ராக்.

ஐஸ் ஹாக்கி சீசன் தொடங்குமுன் வழக்கமாக நடக்கும் மருத்துவப் பரிசோதனை. ரத்தம், கண், முட்டி, கடைசியில் அந்தக் கம்ப்யூட்டர் பரீட்சை. திரையில் வார்த்தைகள் வந்து மறையும். எது வந்தது, எது வரவில்லை என்று அமுக்க வேண்டும். பின்னால் எப்போதாவது தலையில் அடிபட்டால் இதே பரீட்சையை மறுபடி வைத்து இன்றைய மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் ஐஸில் கால் வைக்க விடமாட்டார்கள். எனவே விவரம் தெரிந்தவன் எவனும் இன்றைக்கு ஒழுங்காகச் செய்யமாட்டான். நானும் செய்யவில்லை. தெரிந்த வார்த்தையைத் தெரியாது என்றேன், யோசிப்பதுபோல உட்கார்ந்து உட்கார்ந்து அமுக்கினேன். பிளசன்டனில் வளர்ந்த தமிழ்ப் பையன் ஒருத்தன் வேண்டுமென்றே குறைந்த மார்க் வாங்கும் பரீட்சை உலகத்திலேயே இது ஒன்றுதான். எட்டு வருஷமாக வாங்குகிறேன்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் கோல்பி. இருபது வயசு, மினசோட்டாவிலிருந்து வந்திருக்கிறான், என்னைப்போலவே டிஃபென்ஸ்மேன். படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். "மெதுவா செய்யுடா முட்டாள்" என்று காதில் சொல்லி விஷயத்தை விளக்கினேன். கண்ணை விரித்தான், உடனே ஆமையானான். ஏன் சொன்னேன்? அவன்மேல் எனக்கு ஒரு அக்கறையும் கிடையாது. என் இடத்தைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறான். சீனியர் என்று காட்டிக்கொள்ள ஆசை, வேறென்ன.

அக்டோபர் 12, சனி

முதல் ஹோம் மேட்ச். கோச் என்னையும் கோல்பியையும் ஜோடியாகப் போட்டான். அவன் பக் வட்டை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவானாம், நான் பின்னால் நின்று அவன் விட்டதையெல்லாம் அடைப்பேனாம். முப்பத்தோரு வயசில் ஆயா வேலை. அவன் கோல் போட்டான், நாளைப் பேப்பரில் அவன் படம்தான். அவன் விட்ட இரண்டு ஆட்களைச் சுவரோடு சேர்த்துத் தேய்த்தது நான். அதை யார் படம் எடுத்தார்கள்?

ராத்திரியே அடுத்த ஊர் மேட்சுக்குக் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் இதை எழுதும்போது கோல்பி பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன கிறுக்குகிறாய் என்று கேட்டான். உன்னைத் திட்டி எழுதுகிறேன் என்றேன். சிரித்தான். நிஜம்தான்டா மடையா.

இந்தப் பழக்கம் அம்மா போட்ட நிபந்தனை. ஈரோட்டிலிருந்து ஐந்து வயசில் என்னைக் கூட்டிவந்தாள். ஏழு வயசில் நான் ஹாக்கி ஹாக்கி என்று அழுதபோது, தினம் ஒரு பக்கம் தமிழில் எழுதினால்தான் ரிங்க் என்றாள். வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுக்கிறவள் ஆயிற்றே. எழுதியதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவில் 'பார்த்தேன்' என்று போட்டுத் தேதி எழுதுவாள். கல்லூரி போகிறவரை ஒரு நாள் தவறியதில்லை. அம்மா விட்டுவிட்டாள், எனக்குத்தான் விடவில்லை. ஒரு வசதி, லாக்கர் ரூமில் திறந்தபடி போட்டுவிட்டுப் போகலாம். ஒருத்தனுக்கும் ஒரு எழுத்துப் புரியாது.

நவம்பர் 15, வெள்ளி

இரண்டாவது பீரியட். மூலையில் பக்கை எடுக்கத் திரும்பினேன். முழங்கை வந்ததே தெரியாது. கண்ணாடியில் தலை மோதிய சத்தம் மட்டும் ஞாபகம். எழுந்து பெஞ்சுக்குப் போனேன். எங்கள் பெஞ்சுக்குத்தான் போனேனா என்று ஒரு விநாடி சந்தேகம். கோச், ஓகேவா? நான், ஓகே. அடுத்த ஷிஃப்டுக்கே இறங்கினேன்.

பக் இரண்டாகத் தெரிந்தது. இடதுபக்கம் இருப்பதுதான் நிஜம் என்று கண்டுபிடித்து ஆடினேன்.

நவம்பர் 16

வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது.

நவம்பர் 18, திங்கள்

டீம் டாக்டர் சந்தேகப்பட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். செப்டம்பர் மார்க்கைவிட இரண்டு அதிகம்! எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் வாந்தி எடுத்தேன்.

யாரிடமும் சொல்லமாட்டேன். நாங்கள் ஆடுவது கீழ் லீக். எங்கள் மேல் லீக் டீமில் இரண்டு டிஃபென்ஸ்மேன்களுக்கு அடி. யாரையாவது இங்கிருந்து கூப்பிட்டே ஆகவேண்டும். எட்டு வருஷத்தில் நான் அங்கே ஆடியது பதினோரு மேட்ச். கடைசியாக ஆடி மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பன்னிரண்டாவது மேட்ச் எனக்கு வேண்டும். அதற்கப்புறம் தலை எப்படிப் போனால் என்ன.

நவம்பர் 28, வியாழன்

தேங்க்ஸ்கிவிங்குக்கு அம்மா வந்திருக்கிறாள். சாயந்திரம் அம்மாவுக்குத் தெரிந்த திருமூர்த்தி அங்கிள் வீட்டில் சாப்பாடு. அங்கிள் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவி. "ஏன் தம்பி, வீட்டுக்குள்ளயும் கூலிங் கிளாசா? ஸ்டாரு ஆயிட்டீங்களாக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அம்மா சிரிக்கவில்லை.

கோச் மெசேஜ்: பெட்டியைத் தயாராக வை. திங்கட்கிழமை தெரியும்.

நவம்பர் 30, சனி

காலையில் பிராக்டிஸ். பிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று நின்றேன். பரவாயில்லை. இன்னும் இரண்டே நாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று எழுதியதற்குக் கீழே சிவப்பு மை. 'பார்த்தேன். 1-12.'

சமையல் மேடையில் நோட்டை விட்டுவிட்டு ஜிம்முக்குப் போனது நான்தான். எவனுக்கும் புரியாது என்று மார்தட்டிக்கொண்டேனே, எழுதக் கற்றுக்கொடுத்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்பது உறைக்கவில்லை.

"யாரு உன்னைப் படிக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நான் எப்பப் படிக்காம இருந்தேன்?" என்றாள். குரல் உயரவே இல்லை. "அடிபட்டத மறைச்சதக்கூட வுடு. பரீட்சையில வேணும்னே தப்பாப் போட்டியா நீ?"

"அம்மா, இது ஸ்கூல் இல்ல. எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும் என்ற மவன் இல்ல. வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அந்த ஐஸ் ரூமுக்கு உன்னையக் கூட்டிட்டுப் போனவ நானு. மண்டைய ஒடச்சுக்கிட்டு வருவேன்னு கூட்டிட்டுப் போகல கண்ணு."

திங்கட்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே, காலில் விழுகிறேன் என்றேன். அவள் குக்கரை வைத்தாள்.

டிசம்பர் 2, திங்கள்

சொல்லிட்டா. போயே சொல்லிட்டா! நான் ஐஸில் இருக்கும்போது நோட்டை எடுத்துக்கொண்டு ஊபர் பிடித்து ரிங்குக்கு வந்து, டாக்டர் ரூமில் உட்கார்ந்து, நவம்பர் 15-லிருந்து ஒவ்வொரு பக்கமாக இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். பிரிட்ஜ் கதைகூட. பாத்ரூம் வாந்திகூட. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரெல்லாம் இல்லை, விரலை ஆட்டி இதையே பார் என்றார் டாக்டர். என் கண் நிற்கவில்லை. கதை முடிந்தது.

மேலே போவது கோல்பி. என் பெட்டி தயாராக இருந்தது, போனது அவன்.

கார் பார்க்கிங்கில் வைத்து அம்மாவிடம் சொன்னேன்: "என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்ட. இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத." அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "சரி சாமி, வண்டிய மெதுவா ஓட்டு" என்றாள். ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டேன். பெட்டியைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

டிசம்பர் 25

திரைச்சீலை போட்ட ரூம். பத்து வரி எழுதினால் தலை சுற்றுகிறது. போன் அடித்தது, அம்மா. எடுக்கவில்லை. நோட்டை இனிமேல் ஹாக்கி பைக்கு அடியில்தான் வைக்கிறேன், வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும்.

ஜனவரி 19

அம்மா போன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மேலே ஒன்பது மேட்ச் ஆடிவிட்டுக் கோல்பி திரும்பி வந்துவிட்டான். எனக்கு இன்னும் ஆட அனுமதியில்லை, கோட் சூட் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்கிறேன். என்னைப் பார்த்துக் கையாட்டினான். ஆட்டாதடா. உன் கையை உடைத்தால் என்ன என்று தோன்றியது. டாக்டரிடம் இந்த எரிச்சலைச் சொன்னேன், அதுவும் அடியின் விளைவாம். இல்லை டாக்டர், அது நான்.

மார்ச் 21, வெள்ளி

கோல்பிக்கு அடி. எனக்குப் பட்ட அதே மூலை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், பெஞ்சுக்குப் போனான், தலையாட்டினான். அடுத்த ஷிஃப்ட் இறங்கினான். பாஸ் கொடுத்தால் பக்குக்கு அரையடி தள்ளி மட்டையை வைக்கிறான்.

எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவன் வலதுபக்கத்தை நிஜம் என்று நினைக்கிறான்.

அனுபவிக்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

காலையில் லாக்கர் ரூமில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஹேங் ஓவர் என்றான். கம்ப்யூட்டர் பரீட்சை பாஸாம். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "நீ சொல்லிக்கொடுத்தது, முக்ஸி. தேங்க்யூ." முகிலனை இவர்கள் முக்ஸி ஆக்கி எட்டு வருஷம்.

அப்படியே கார் வரைக்கும் போனேன். சாவியைப் போட்டேன். ஆடுகிறவன் இன்னொருத்தன் அடியை வெளியே சொல்லக்கூடாது, எங்கள் தொழிலில் அதற்கு மன்னிப்பே கிடையாது. தெரியாதா எனக்கு? அவன் மூஞ்சியே எனக்குப் பிடிக்காது. பிடிக்காதவனுக்காக எதுக்குடா நான் கெட்ட பேர் வாங்கணும்?

திரும்பிப் போய் டாக்டர் கதவைத் தட்டினேன். "செப்டம்பரில் அவன் வேண்டுமென்றே குறைந்த மார்க் எடுத்தான். எடுக்கச் சொன்னது நான்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து போய்க் கோல்பியைக் கூட்டிவரச் சொன்னார்.

மார்ச் 25

என் லாக்கரில் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் 'எலி' என்று எழுதியிருந்தார்கள். காட்டிக்கொடுப்பவனுக்கு இந்த ஊரில் அதுதான் பேர். கோல்பி நேருக்கு நேர் வந்து, என் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டாய், இனி என் முகத்தில் விழிக்காதே என்றான். இங்கிலீஷில். அழுதுகொண்டே சொன்னான்.

சரி, வண்டியை மட்டும் நீ ஓட்டாதே, யாரையாவது கூப்பிடு என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

டேப்பை உரிக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

சீசன் முடிந்தது. கோச் கை குலுக்கவில்லை. அடுத்த வருஷம் நான் வேண்டாம் என்று மேனேஜர்தான் சொன்னார், அதுவும் போனில். கோல்பிக்கு இன்னும் வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லையாம். டாக்டர் சொல்லித் தெரியும், அவன் பேசுவதில்லை. இரண்டாவது அடி அதே வாரத்தில் பட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பதினோரு மேட்ச். பன்னிரண்டு இல்லை. இன்னும் வயிறு எரிகிறது, பொய் எதற்கு.

காலையில் நானே போன் பண்ணினேன். அம்மா "சாப்ட்டியா?" என்றாள், நாலரை மாசம் நடுவில் இல்லாததுபோல. நாளை மத்தியானம் ஃப்ளைட்டில் வருகிறாள்.

நோட்டை இன்றைக்குப் பைக்கு அடியில் வைக்கவில்லை. சமையல் மேடையிலேயே இருக்கிறது, பக்கத்தில் சிவப்புப் பேனா.