பதினாறு கட்டங்கள்

கண்டி
9.3.1997

அன்பின் மங்களேஸ்வரிக்கு,

நான் சுகம். நீரும் மகளும் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை தெல்தெனியப் பக்கம் எங்கள் பரிசோதனைத் தோட்டத்துக்குப் போகும்போது ஆமிச் சென்றியில் மறித்து என் கொப்பியைப் பிரித்துப் பார்த்தார்கள். நாலு இனக் குடைமிளகாயை எந்தெந்தப் பாத்தியில் நட்டோம் என்று கீறின படம் அதற்குள் இருந்தது. பதினாறு கட்டம், நம்பரெல்லாம் மாறி மாறி. "ஏன் ஒழுங்கில்லை? இது எந்த முகாம்?" என்று கேட்டார்கள். நல்ல மண் ஒரே இனத்துக்கு வாய்க்கக்கூடாது, அதுதான் கலைத்து நட்டோம் என்றேன். ஒருவன் சிரித்தான். பின்னேரம் தேத்தண்ணி தந்து விட்டுவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

படத்தைத் தரவில்லை. இங்கே வேறு பிரதியும் இல்லை. காயெல்லாம் இப்போது ஒரே பச்சை. எந்தப் பாத்தி எந்த இனமென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். அறைக்கு வந்தாலும் இருப்புக் கொள்ளுதில்லை.

மகள் நிறம் தீட்டட்டும் என்று போன மாதம் அதே படத்தைக் கீறி அனுப்பினேனல்லவா? அதைப் பார்த்து நம்பர்களை எழுதி அனுப்பும். கட்டம் கீறவேண்டாம், வீட்டுப் புதினம் சொல்வதுபோல வசனமாக எழுதும். எழுதினதும் படத்தை அடுப்பில் போடும். பிள்ளை அழுதாலும் போடும்.

தபால் கட்டப் போகிறார்கள்.

உம்முடைய
சோதிலிங்கம்