லதுஷாவின் பல்லும் நித்திரையும்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு

அன்பு மகன் தர்சனுக்கு,

மெல்பேண் குளிரில் நீ சுகமாயிருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் தங்கச்சியைப் பற்றி அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன், நீயே வாசித்துப் பார். லதுஷாவுக்கு முன்பல் கோணலாக முளைக்கிறது என்று கண்டியில் ஒரு பல் டொக்டரிடம் கூட்டிப்போனோம். அந்த டொக்டர் அம்மா இவளின் வாயைப் பார்த்ததும் பல்லை விட்டுவிட்டு நித்திரையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். குறட்டை விடுவாளா, வாயைத் திறந்தபடி படுப்பாளா, இடையில் மூச்சு நிற்பதுபோல இருக்குமா என்று. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன், பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறாள் என்பதையும் சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டு, “குறட்டை எங்கட பரம்பரைச் சொத்தல்லோ டொக்டர்” என்றார். டொக்டர் சிரிக்கவில்லை. மேல்வாய் ஒடுங்கியிருக்கிறது, தொண்டைக்குள் டொன்சில் சதையும் பெருத்திருக்கிறது, நித்திரையில் பிள்ளைக்கு மூச்சு சரியாகப் போகாமல் இருக்கலாம், அதுதான் வகுப்பில் தூங்கி விழுகிறாள்போல என்று சொல்லி, தொண்டை டொக்டரிடம் அனுப்பினார். அவரும் அதையே சொல்லி, முதலில் நித்திரையைச் சோதிப்போம், டொன்சிலை எடுக்க வேண்டிவரலாம், மேல்வாயை விரிக்கப் பல் டொக்டர் கம்பி போடவும் கூடும் என்றார். கோணல் பல்லுக்குப் போன எனக்குத் தலை சுற்றியது மகன்.

ஒப்பரேஷன் என்றதும் அப்பாவுக்குப் பயம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து, வளர வளரச் சரியாகிவிடும், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அது சரிபோலத்தான் இருந்தது. நடுவில் இருந்த லதுஷா திடீரென்று, “அப்ப நான் சோம்பேறி இல்லையோ அம்மா?” என்று கேட்டாள். ரீச்சர் அப்படித்தான் கூப்பிடுகிறாவாம், இத்தனை நாளும் எங்களிடம் சொல்லவில்லை. அப்பா யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இறங்கும்போதுதான், “சோதனைக்குத் திகதி எடுப்பம்” என்றார். எடுத்தாயிற்று. ஆனாலும் பயப்படுவதா, காரணம் தெரிந்ததே என்று ஆறுதல்படுவதா என்று விளங்கவில்லை. பக்கத்து வீட்டு சித்தி றலியா தன் மகனுக்கு டொன்சில் எடுத்தபின் குறட்டையே இல்லை என்கிறா, மாமி கத்தி வைக்கவே வேண்டாம் என்கிறா. நீயும் அங்கே யாரிடமாவது கேட்டுச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, ராசா. கடவுள் உனக்குத் துணை இருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே, இனி அவளோடு கதைக்கும்போது பகிடிக்கும் “நித்திரைக்குண்டி” என்று கூப்பிடாதே.

உன் அன்பு அம்மா,
றஞ்சனா