ஐந்து நட்சத்திர சார்ஜர்

ஆக. 16, சனி
காலையிலிருந்து சாரல். காற்று வேறு.

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: கம்பத்தில் போலிப்பொருளைக் கண்டுபிடிக்கும் ஒரே நிபுணர், பதினொன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு, அடியேன் ஆன்லைனில் வாங்கிய சார்ஜர் இன்று மதியம் வயரோடு வந்திறங்கியது. அம்மாவின் போனுக்கு. வரவேற்றது தெரு நாய் மட்டும்.

பழைய சார்ஜர் குப்பை வண்டியில். டேப் சுற்றிய வயர், கோணலாகப் பிடித்தால்தான் ஏறும்.

வகுப்பில் நான் நடத்தும் பாடம் (ஃபீஸ் ஒரு பப்ஸ்):
1. விலை ரொம்பக் குறைவா, ஓடு.
2. விற்பவன் யார், பார்.
3. தூக்கிப் பார். போலி லேசாக இருக்கும்.
4. மேலே உள்ள பதிவு எண்ணை அரசு ஆப்பில் போடு.

“நல்லதுதானாலே?” என்றாள் அம்மா.
“நான் பாத்து வாங்குனா அசல்தேன்.”

பெட்டிக்குள் ஒரு சீட்டு. ஐந்து நட்சத்திரம் போட்டால் இயர்போன் இலவசமாம்.

ஆக. 18, திங்கள்
வெயில். கணக்கு டெஸ்ட், சொதப்பல்.

அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகவில்லை. ஜீப் முருகேசண்ணன் விடிகாலை நாலரைக்கு ஒவ்வொருவருக்கும் மிஸ்டு கால் கொடுப்பார். திருப்பிக் கொடுத்தால் ஜீப் தெருமுக்கில் நிற்கும். போன் அணைந்திருந்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். ஜீப் நேரே கம்பம்மெட்டு மலைக்கு ஏறிவிடும். அம்மாவின் அலாரமும் அதே போனில்தான்.

ராத்திரி முழுக்கச் செருகியிருந்தும் போன் செத்துக் கிடந்தது. மின்னல் படம் மட்டும் காட்டும், ஏறாது. சார்ஜர் வந்தது, சார்ஜ் வரவில்லை. சூட்டுக்குக் குறைவில்லை, தோசை ஊற்றலாம்.

ஜீப் சத்தம் கேட்டுத் தூக்குவாளியோடு ஓடியிருக்கிறாள். பின்விளக்குதான் தெரிந்ததாம்.

“நாந்தேன் சரியாச் சொருகல போல,” என்றாள்.

நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

ஆக. 19, செவ்வாய்
மேகமூட்டம். பப்ஸ் இறங்கவில்லை.

நேற்று ராத்திரி அம்மா வேறு பிளக் மாற்றினாள். வயர் அசையாமல் அரிசிப்படியை அண்டக்கொடுத்தாள். என் சார்ஜர் அவள் போனுக்குச் சேராது. முருகேசண்ணனுக்கு என் நம்பரைக் கொடுக்கவா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

காலையில் அவளே எழுந்து முக்கில் போய் நின்றிருக்கிறாள். ஜீப் நிறைந்து வந்தது. போன் அணைந்திருந்ததால் அவள் இடத்தில் வேறொரு அக்கா. நாளைக்கும் எடுக்காவிட்டால் இடம் அந்த அக்காவுக்கே என்று கங்காணி சொன்னாகளாம்.

சாயந்திரம் வாளி கழுவிக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். 4-வது சோதனையைச் சனிக்கிழமையே செய்தேன். சார்ஜரில் இருந்த எண் ஏதோ ஒரு பல்புடையது. திருப்பி அனுப்பியிருக்கலாம். நிபுணர் ஏமாந்தது வகுப்புக்குத் தெரிந்துவிடுமே என்று அமுக்கிவிட்டேன். போளியாக இருந்தாலாவது தின்று தீர்த்திருக்கலாம்.

திட்டவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப நா சரியாத்தேன் சொருகியிருக்கேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

பிறகு முருகேசண்ணன் வீட்டுக்குப் போனேன். என் நம்பரை அவர் பிளாக் செய்திருக்கிறார். போன மாதம் செக்போஸ்ட் ஆபீசர் மாதிரி அவரைப் போனில் மலையாளத்தில் மிரட்டியது நான்தான். அதையும் சொன்னேன்.

“அந்தச் செக்போஸ்ட் சாரு நீதானாலே?” என்று காதைத் திருகிவிட்டு பிளாக்கை எடுத்தார். இனி மிஸ்டு கால் என் போனுக்கு.

ஆக. 20, புதன்
குளிர். 4.31-க்கு மணி. திருப்பிக் கொடுத்தேன். அம்மா போயாயிற்று, அவள் இடத்தில்தான்.

தூக்கம் வரவில்லை. ஒன்று பாக்கி. ஆன்லைனில் அந்த சார்ஜருக்குக் கீழே ‘அசல். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று ஐந்து நட்சத்திரம் போட்டதும் நான்தான். செருகிப் பார்க்கும் முன்பே, இயர்போனுக்காக. இப்போது அழிக்கப் போனேன். பதினாலு பேர் ‘பயனுள்ளது’ என்று அழுத்தியிருக்கிறார்கள்.

பதினாலு வீட்டிலும் யாரோ ஒருவர், தான்தான் சரியாகச் செருகவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.